ஆச்சி வீட்டுக் கிணறு

(மும்பை தாராவியில், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெரியவர்களின் மாலை வகுப்பில் ஓர் ஆசிரியை பேசியது)



அக்காமார்களே, தங்கச்சிகளே, அண்ணன்மார்களே! பகல் முழுதும் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். தோல் பட்டறையில் இருந்து நேராக வந்தவர்கள் இருக்கிறீர்கள். நாளை விற்க வேண்டிய இட்லிக்கு மாவு அரைத்து வைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். அதனால் நான் நீளமாகப் பேச மாட்டேன். ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறேன்.

ஏப்ரல் முடியப் போகிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. இனி ஜூன் பாதியில்தான் பள்ளிக்கூடம். உங்கள் வீட்டில் இப்போது என்ன பேச்சு நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, ஊருக்கு எப்போ போறோம்?"

இதுதானே பேச்சு?

நம்மில் பாதிப் பேருக்கு ஊர் என்றால் திருநெல்வேலிச் சீமை. ஆச்சியும் தாத்தாவும் அங்கே இருக்கிறார்கள். வருடம் முழுதும் காத்திருக்கிறார்கள். ஆச்சி முறுக்கு மாவு இடித்து வைத்திருப்பாள். தாத்தா எந்தப் பனையில் நுங்கு நன்றாக இருக்கிறது என்று பார்த்து வைத்திருப்பார்.

ஊருக்குப் போங்கள். கட்டாயம் போங்கள். ஆனால் போவதற்கு முன்னால் என் வீட்டில் நடந்த ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த தண்ணீர்

நம் பிள்ளைகள் எங்கே வளர்கிறார்கள்? பத்துக்குப் பத்து அறையில். வாசலைத் தாண்டினால் சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். விளையாட இடம் இல்லை. வானம் பார்க்க வேண்டும் என்றால் தலையை முழுதாகத் தூக்க வேண்டும்.

அவர்களுக்குத் தெரிந்த தண்ணீர் எது? காலையில் கொஞ்ச நேரம் வரும் குழாய்த் தண்ணீர். நீல டிரம்மில் பிடித்து வைக்கும் தண்ணீர். சிக்கனமாக மொண்டு குளிக்கும் வாளித் தண்ணீர். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தாதர் கடற்கரைக்குக் கூட்டிப் போனால், கால் நனைத்துவிட்டுத் திரும்புகிறோம்.

ஊரில் அப்படி இல்லை. கிணறு இருக்கிறது. குளம் இருக்கிறது. வாய்க்கால் இருக்கிறது. சிலர் ஊரில் தாமிரபரணி ஆறே ஓடுகிறது. ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகிய கொஞ்ச வருடத்தில் நீந்தவும் பழகிவிடுகிறார்கள். மும்பைப் பிள்ளை அவர்களோடு போய் நிற்கிறான். அதே வயது, அதே உயரம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தண்ணீருக்குள் இறங்கினால்தான் தெரியும்.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

2011-ஆம் ஆண்டு மே மாதம்

அப்போது என் மகனுக்கு 9 வயது. மகளுக்கு 7 வயது. இருவரையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் ரயிலில் புறப்பட்டேன். புனே, சோலாப்பூர், குண்டக்கல், மதுரை என்று ஒன்றரை நாள் பயணம். திருநெல்வேலியில் இறங்கி, பஸ் பிடித்து, நாங்குநேரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முதல் மூன்று நாள் பிள்ளைகளைக் கையில் பிடிக்க முடியவில்லை. விடிந்ததும் வெளியே ஓடுவார்கள். தாத்தா நுங்கு சீவிக் கொடுத்தார். தின்ற கூந்தலில் குச்சி சொருகி வண்டி செய்து கொடுத்தார். வாசல் வேப்பமரத்தில் கயிறு கட்டி ஊஞ்சல் போட்டார். என் அண்ணன் பிள்ளைகளோடு சேர்ந்து பம்பரம், பாண்டி, ஓடிப் பிடிக்கிற விளையாட்டு. இரவில் முற்றத்தில் பாய் விரித்து, நட்சத்திரம் எண்ணிக்கொண்டே தூங்கினார்கள். மும்பையில் சோறு வேண்டாம் என்று அழும் என் மகள், ஆச்சி உருட்டிக் கொடுத்த சோற்றை ஆறு உருண்டை தின்றாள்.

நான்காம் நாள். காலை பதினோரு மணி இருக்கும். நான் திண்ணையில் என் அக்காளோடு பேசிக்கொண்டு இருந்தேன். ஒரு வருடத்துக் கதை பேச வேண்டாமா? மகன் எங்கே என்று அக்காள் கேட்டாள். "பயல்களோட வயக்காட்டுல விளையாடுறான்" என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அண்ணன் மகனும் அவன் கூட்டாளிகளும் வாழைத் தோட்டத்துக் கிணற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறார்கள். என் மகனும் பின்னாலேயே போயிருக்கிறான். பெரிய கிணறு. கல்லைச் செருகி வைத்த படி. அவர்கள் மேலே இருந்து தொப் தொப் என்று குதித்தார்கள். என் மகன் மெதுவாகப் படியில் இறங்கினான். தண்ணீருக்குப் பக்கத்துப் படியில் பாசி. கால் வழுக்கிவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை "காப்பாத்துங்க" என்று கத்தும் என்று நாம் நினைக்கிறோம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் அப்படி நடப்பதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும். கத்த நேரம் இருக்காது. கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது. சத்தமே இல்லாமல் பிள்ளை உள்ளே போய்விடும்.

என் மகனும் கத்தவில்லை. தலை மேலே வந்தது, உள்ளே போனது. மறுபடி வந்தது, போனது. பக்கத்தில் குளித்த பயல்கள் அவன் முங்கி விளையாடுகிறான் என்று நினைத்தார்கள்.

மேலே உட்கார்ந்து இருந்தாள் என் அண்ணனின் சின்ன மகள். அவளுக்கு 8 வயது. அவள்தான் கவனித்தாள். அடுத்த பாத்தியில் புல் அறுத்துக்கொண்டு இருந்த ஆச்சியிடம் ஓடினாள்.

"ஆச்சி, அத்தான் முழிக்கிற முழி சரியில்ல!"

என் அம்மா அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அம்மாவுக்கு நீச்சல் தெரியும். ஆனாலும் அவர் குதிக்கவில்லை. கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கும் கயிறும், காலிப் பிளாஸ்டிக் குடமும் கிடந்தன. குடத்தின் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்கினார். குடத்தை என் மகன் பக்கத்தில் எறிந்தார். "குடத்தைக் கட்டிப் பிடிடா!" என்று சத்தம் போட்டார். அவன் கையில் குடம் தட்டுப்பட்டது. இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அம்மா மேலே இருந்து கயிற்றைப் படிப் பக்கம் இழுத்தார். பயல்கள் அவனைப் படியில் ஏற்றினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் இருமி இருமித் தண்ணீரைக் கக்கிக்கொண்டு இருந்தான். உதடு நீலம் பாய்ந்து இருந்தது. உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். "எழுந்து உட்கார்ந்துட்டானே, வீட்டுக்குப் போகலாமே" என்றேன். டாக்டர் விடவில்லை. நெஞ்சுக்குள் தண்ணீர் போயிருந்தால், சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம் என்றார். ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்.

என் மகன் பிழைத்தான். இப்போது வேலைக்குப் போகிறான். அந்தத் திண்ணையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும்.

தாத்தா கேட்ட பத்து நாள்

வீட்டுக்கு வந்ததும் நான் பெட்டியைக் கட்டினேன். "இனி கிணத்துப் பக்கமே விட மாட்டேன். மும்பைக்கே போறேன்" என்றேன்.

என் அப்பா அதட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்போ நீ தூக்கிட்டுப் போயிருவ. அடுத்த வருசம் வருவ. அப்பவும் அவனுக்குத் தண்ணி தெரியாது. கிணறு அங்கேயேதான் இருக்கும். எனக்குப் பத்து நாள் குடும்மா" என்றார்.

நான் யோசித்தேன். அப்பா சொன்னது சரிதான். கிணற்றை நான் மூட முடியாது. குளத்தை மூட முடியாது. பிள்ளைக்குத் தண்ணீரைச் சொல்லித்தான் கொடுக்க முடியும்.

மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு அப்பா ஆரம்பித்தார். காலை ஏழு மணி, வெயில் ஏறும் முன்னால். முதலில் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைப்பார். கிணற்றில் மின்சாரம் கசிந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். படியில் இருந்த பாசியைத் தேய்த்து எடுத்தார். பையன் இடுப்பில் கயிறு கட்டினார். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டினார். என் அண்ணன் தண்ணீருக்குள் நின்றான். அப்பா மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் படியில் உட்கார்ந்து முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூச்சை விடப் பழகினான். இரண்டாம் நாள் படியைப் பிடித்துக்கொண்டு காலை அடித்தான். மூன்றாம் நாள் குடுக்கையோடு மிதந்தான். பயம் அப்படியே இருந்தது. அப்பா அவசரப்படுத்தவில்லை. பிடித்துத் தள்ளவும் இல்லை. ஒன்பதாம் நாள் குடுக்கை இல்லாமல் நாலு கை போட்டான். பத்தாம் நாள் கிணற்றின் ஒரு கரையில் இருந்து மறு கரைக்குப் போனான். கரையேறி வந்து, "அம்மா, பாத்தியா?" என்று கேட்டான். பார்த்தேன். அந்தப் பத்து நாளும் நான் திண்ணையில் உட்காரவில்லை. கிணற்று மேட்டில்தான் உட்கார்ந்து இருந்தேன்.

என் மகள் கேட்டாள்: "எனக்குச் சொல்லித் தர மாட்டீங்களா?"

"பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு நீச்சல்?" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். என் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி ஆம்பளை, பொம்பளை பாத்தா இழுக்குது?" என்று கேட்டார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். பேத்திக்கு ஆச்சியே நீச்சல் வாத்தியார் ஆனார்.

எவ்வளவு பேர்?

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நம் நாட்டு அரசின் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் விபத்துக் கணக்கு வெளியிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000-க்கும் மேல். உலகம் முழுதும் 2021-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் நான்கில் ஒரு பங்கு, 5 வயது நிறையாத குழந்தைகள்.

இது பெரிய துயரம் என்று உணர்ந்துதான், ஐக்கிய நாடுகள் சபை 2021-ஆம் ஆண்டில் ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகள் கடினமானவை இல்லை. சின்னக் குழந்தைகளைப் பெரியவர் கண்ணில் வைத்திருக்க வேண்டும். தண்ணீருக்கும் குழந்தைக்கும் நடுவில் தடுப்பு வேண்டும். 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும், தண்ணீரில் எச்சரிக்கையாக இருக்கும் முறையும் கற்றுத் தர வேண்டும். என் அப்பா எந்த நிறுவனத்தையும் கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் செய்தார்.

யார் பார்த்துக்கொள்வது?

"அதான் ஆச்சி இருக்காளே, பாத்துக்குவா" என்று நாம் சொல்கிறோம். யோசித்துப் பாருங்கள். ஆச்சிக்கு 65 வயது, 70 வயது. முழங்கால் வலி. மாடு, அடுப்பு, தோட்டம் என்று ஆயிரம் வேலை. அதற்கு மேல் மகன் பிள்ளைகள், மகள் பிள்ளைகள் என்று ஆறு பேர். ஆறு பேரும் ஆறு திசையில் ஓடுகிறார்கள். அவளால் எத்தனை பேர் பின்னால் ஓட முடியும்? ஊருக்குப் போனதும் நமக்கு ஓய்வு வேண்டும். சரிதான். அதற்காக எல்லாப் பாரத்தையும் ஆச்சி தலையில் வைக்கலாமா?

வங்கதேசம் நிறையக் குளம் உள்ள நாடு. அங்கே குழந்தைகள் அதிகம் மூழ்குவது எப்போது என்று பார்த்தார்கள். காலை 9 மணியில் இருந்து பகல் 1 மணிக்குள். அம்மா சமையலில் இருப்பாள், அப்பா வேலைக்குப் போயிருப்பார், அக்கா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அந்த நேரத்தில்தான். அதனால் சில கிராமங்களில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அந்த நாலு மணி நேரமும் தெருவில் உள்ள சின்னக் குழந்தைகளை எல்லாம் ஒரு வீட்டில் சேர்த்து, ஒரு பெண் பார்த்துக்கொண்டாள். அங்கே வந்த குழந்தைகளில் மூழ்கி இறப்பது பெருமளவு குறைந்தது.

நாமும் நம் வீட்டளவில் இதைச் செய்யலாம். காலையில் நான், பகலில் அக்காள், மாலையில் அண்ணன் என்று முறை வைத்துக்கொள்ளலாம். முறை யாருடையதோ, அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இல்லை. செல்போன் பார்க்கக் கூடாது. சீட்டாடக் கூடாது. கண் பிள்ளைகள் மேல் இருக்க வேண்டும். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால், கையெட்டும் தூரத்தில் நீச்சல் தெரிந்த பெரியவர் நிற்க வேண்டும். "எல்லாரும் இருந்தோம்" என்று பிறகு சொல்லிப் பயன் இல்லை. எல்லாரும் இருக்கும் இடத்தில், யாருமே பார்க்காமல் விடுவதும் நடக்கிறது.

ஊருக்குப் போன முதல் நாள்

ஊரில் இறங்கிய முதல் நாள் என்ன செய்ய வேண்டும்? பிள்ளைகளை விளையாட விடும் முன்னால், தாத்தாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். அரை மணி நேரம் போதும்.

எந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை? எந்தக் குளத்தில் மண் அள்ளிய பள்ளம் இருக்கிறது? ஆற்றில் எந்த இடத்தில் சுழல் இருக்கிறது? அணை திறந்தால் எந்த வழியாகத் தண்ணீர் வரும்? இதெல்லாம் தாத்தாவுக்குத் தெரியும். நாம் கேட்டால் சொல்வார். வருடத்துக்கு வருடம் இடம் மாறியிருக்கும். போன வருடம் முழங்கால் ஆழம் இருந்த இடம், இந்த வருடம் ஆளை மறைக்கும்.

பாழடைந்த கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது. பந்து விழுந்தாலும் சரி, ஆட்டுக்குட்டி விழுந்தாலும் சரி. உள்ளே கெட்ட காற்று நின்றிருந்தால் மயங்கி விழ நேரும்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், தொட்டியையும் அண்டாவையும் மூடி வையுங்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் குழந்தைக்கு அது கிணறுதான்.

விழுந்துவிட்டால்?

பிள்ளை தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? இதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ஒன்று. உடனே சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு. பிள்ளைகள் யாரும் காப்பாற்றக் குதிக்கக் கூடாது. மூழ்குகிறவர் கையில் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பார். காப்பாற்றப் போனவரையும் உள்ளே இழுத்துவிடுவார். ஒருவருக்காக இறங்கி இரண்டு பேர், மூன்று பேர் போன குடும்பங்கள் உண்டு.

மூன்று. கயிறு, காலிக் குடம், மூடிய காலிக் கேன், நீளமான கம்பு, சேலை, துண்டு எது கிடைத்தாலும் எறியலாம், நீட்டலாம். நீட்டுகிறவர் தரையில் படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும்.

நான்கு. கரைக்குக் கொண்டு வந்ததும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றக் கூடாது. வயிற்றை அமுக்கக் கூடாது. அது பழைய பழக்கம். அதனால் நேரம்தான் வீணாகும். பிள்ளை மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து 5 முறை மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்துங்கள், 2 முறை மூச்சு ஊதுங்கள். உதவி வரும் வரை இப்படியே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். படித்துத் தெரிந்துகொள்வதை விட, ஒரு நர்ஸ் செய்து காட்டக் கற்றுக்கொள்வது நல்லது. அடுத்த மாதம் நம் வகுப்புக்கே ஒருவரை அழைப்போம்.

ஐந்து. 108-க்குப் போன் செய்யுங்கள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

வெயிலும் பாம்பும் நாயும்

இன்னும் மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் கத்திரி வெயில். பகல் 12 மணி முதல் 3 மணி வரை நிழலில் விளையாடட்டும். பல்லாங்குழி, தட்டாங்கல், ஆச்சி சொல்லும் கதை எல்லாம் அந்த நேரத்துக்குத்தான். மோர், நீச்சுத் தண்ணீர், இளநீர் அடிக்கடி கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால், கொதிக்க வைத்து ஆற்றிய 1 லிட்டர் தண்ணீரில் 6 சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு கலந்து கொடுங்கள். தேக்கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும்.

வயக்காட்டில் செருப்பு போடாமல் நடக்கக் கூடாது. இருட்டில் விளக்கு இல்லாமல் போகக் கூடாது. பாம்பு கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடித்த காலை அசைக்காமல், பிள்ளையை நடக்க விடாமல், நேராக அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

நாய் கடித்தால், பிறாண்டினால், காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றைக்கே ஊசி போட வேண்டும். எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் உயிர் தப்புவது அநேகமாக இல்லை.

சுவரில் ஒரு தாள்

இவ்வளவு கேட்டபின், "எதுக்கு வம்பு, இங்கேயே இருக்கட்டும்" என்று நினைக்காதீர்கள். அதற்காக நான் பேசவில்லை.

மரம் ஏறிய பிள்ளைக்குத்தான் மரம் தெரியும். ஆட்டுக்குட்டியைத் தூக்கிய பிள்ளைக்குத்தான் அதன் சூடு தெரியும். தாத்தாவோடு வரப்பில் நடந்த பிள்ளைக்குத்தான் சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். இதை நாம் மும்பையில் வாங்கிக் கொடுக்க முடியாது. ஆச்சியும் தாத்தாவும் எத்தனை கோடைக்கு இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? என் அப்பா இப்போது இல்லை. அவர் கற்றுக் கொடுத்த நீச்சல் என் மகனிடம் இருக்கிறது.

ஆகவே போங்கள். போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு பெரிய தாள் எடுத்து, பெரிய எழுத்தில், உங்கள் கையால் இதை எழுதுங்கள்:

பெரியவர் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது.
இன்று பிள்ளைகளைப் பார்ப்பவர்: (பெயர்)
குதிக்காதே. கயிறு எறி. குடம் எறி. சத்தம் போடு.
ஆம்புலன்ஸ்: 108
அவசர உதவி: 112
பக்கத்து அரசு மருத்துவமனை: (ஊர்)

ஆச்சி வீட்டுச் சுவரில் இதை ஒட்டுங்கள். கிணற்று மேட்டில் ஒரு கயிறும் காலிக் குடமும் எப்போதும் கிடக்கட்டும்.

2012-ஆம் ஆண்டு நாங்கள் போனபோது நான் அப்படி ஒரு தாள் ஒட்டினேன். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல என்னட்டி எழுதியிருக்கு?" என்று பேத்தியிடம் கேட்டார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். கயிறு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கயிறு படம் வரைந்தாள். குடம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் குடம் வரைந்தாள். அந்த லீவு முடிவதற்குள் என் அம்மா அந்த இரண்டு சொல்லையும் படிக்கக் கற்றுக்கொண்டார். பேத்திக்கு ஆச்சி நீச்சல் சொல்லிக் கொடுத்தார். ஆச்சிக்குப் பேத்தி எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

போய் வாருங்கள். ஜூன் மாதம் எல்லோரும் நலமாகத் திரும்பி வாருங்கள். வரும்போது எனக்கும் கொஞ்சம் கருப்பட்டி கொண்டு வாருங்கள்.



பேசிப் பார்ப்போம்

1. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை ஏன் கத்துவதில்லை?
2. நீச்சல் தெரிந்தும் ஆச்சி ஏன் கிணற்றில் குதிக்கவில்லை?
3. உங்கள் ஊரில் ஆபத்தான தண்ணீர் உள்ள இடங்கள் எவை? எழுதுங்கள்.
4. உங்கள் வீட்டில் யார் யாருக்கு நீச்சல் தெரியும்? பெண் பிள்ளைகளுக்குத் தெரியுமா?
5. சுவரில் ஒட்டும் தாளை உங்கள் கையால் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.